ஏழாம் நம்பரில் யார்?

117, 114, 102.

திண்டுக்கல் டிராகன்ஸ் தோற்ற மூன்று இறுதிப் போட்டிகளில் அந்த அணி எடுத்த ரன்கள் இவை. 2018-இல் மதுரை பாந்தர்ஸுக்கு எதிராக 117-க்கு ஆல் அவுட். 2019-இல் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் எடுத்ததே 126 தான். அதையும் துரத்த முடியாமல் 9 விக்கெட்டுக்கு 114. 2025-இல் திருப்பூர் தமிழன்ஸிடம் 102-க்குச் சுருண்டது, அதுவும் சொந்த மைதானமான நத்தத்தில், 15 ஓவர்கூட முழுதாக ஆடாமல். மூன்றையும் கூட்டினால் 29 விக்கெட்டுக்கு 333 ரன். ஒரு விக்கெட்டுக்குப் பன்னிரண்டு ரன்கூடத் தேறவில்லை.

இடையில் 2024-இல் கோப்பையைத் தூக்கினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றியைப் பிரித்துப் பார்த்தால் என் கவலை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் அகரம், தாடிக்கொம்பை ஒட்டிய பேரூர். முத்தாலம்மன் கோயிலுக்குப் பேர் போனது. குடகனாற்றுப் பக்கம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த பையன்களுக்கு 2016 வரை தொழில்முறை அணி என்றால் சென்னை சூப்பர் கிங்ஸ்தான். அதைப் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் டிவி. அந்த ஆண்டு தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடங்கி எட்டு அணிகளை உருவாக்கியதும் நிலைமை மாறியது. திண்டுக்கல் பெயரில் ஓர் அணி. நத்தம் சாலையில் என்பிஆர் கல்லூரி மைதானம். அகரத்திலிருந்து திண்டுக்கல் போய், அங்கிருந்து நத்தம் பஸ் ஏறினால் சிறுமலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போய் இறங்கிவிடலாம். இந்திய அணியின் அஸ்வின் எங்கள் கேப்டன் என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு.

மைதானமும் சும்மா பெயருக்கு உள்ளது இல்லை. 2018-இல் துலீப் கோப்பையை இரவு வெளிச்சத்தில், இளஞ்சிவப்புப் பந்தில் அங்கேதான் ஆடினார்கள். 2019 டிசம்பரில் தமிழ்நாடு, கர்நாடகா ரஞ்சி ஆட்டம் அங்கே நடந்தது. கர்நாடகாவின் கிருஷ்ணப்பா கௌதம் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 14 விக்கெட் எடுத்து, 26 ரன் வித்தியாசத்தில் நம்மைத் தோற்கடித்தார். சுழற்பந்துக்கு அந்த மண் எவ்வளவு இணங்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, தோற்ற கதைகளுக்கு வருவோம்.

2018 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. சென்னை சேப்பாக்கத்தில் டிராகன்ஸ் ஆடும் முதல் இறுதிப் போட்டி. கேப்டன் அஸ்வின் அன்று எங்கே? லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில். இங்கிலாந்திடம் இந்தியா இன்னிங்ஸ் தோல்வி அடைந்ததும் அதே நாள்தான். அந்த டெஸ்ட்டின் இரண்டு இன்னிங்ஸிலும் இந்தியாவுக்காக அதிக ரன் எடுத்தவர் அஸ்வின்: 29, பிறகு ஆட்டமிழக்காமல் 33. மேலே ஆட வேண்டியவர்கள் எல்லாம் விழுந்தபின் கீழே ஒருவர் நின்று ஆடினார் என்றால், அது அங்கே நடந்தது. இங்கே சேப்பாக்கத்தில் எங்கள் பேட்ஸ்மேன் ஜெகதீசன் ஓர் அரை சதம் அடித்தார். அவரைச் சுற்றி மற்ற விக்கெட்டுகள் உதிர்ந்தன. மதுரையின் அபிஷேக் தன்வர் நான்கு விக்கெட் எடுத்தார். அதன்பின் அருண் கார்த்திக் ஆட்டமிழக்காமல் 75 அடித்துக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டார்.

மறு ஆண்டும் அதே கதை, வேறு ஆள். 2019 ஆகஸ்ட் 15. இந்த முறை அஸ்வின் இந்திய டெஸ்ட் அணியோடு மேற்கிந்தியத் தீவுகளில். சேப்பாக் அணியின் வேகப்பந்து வீச்சாளர் பெரியசாமி, மலிங்காவைப் போலக் கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசுபவர், 15 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். 127 ரன் இலக்கு. டி20-இல் அது ஒரு இலக்கா? பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். அந்த சீசனில் மொத்தத் தொடரிலும் அதிக ரன் குவித்தவர் எங்கள் ஜெகதீசன்தான், 448. தொடரின் சிறந்த பேட்ஸ்மேனைக் கையில் வைத்துக்கொண்டு 126-ஐத் துரத்த முடியவில்லை. ஒரு நல்ல பேட்ஸ்மேன் இருப்பது வேறு, ஓர் அணிக்குப் பேட்டிங் இருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு ஸ்கோர் கார்டு சொல்லாது.

இந்த இடத்தில் கொஞ்சம் கூடைப்பந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது அந்நிய ஆட்டமில்லை. வத்தலக்குண்டு தாண்டிப் பெரியகுளம் போனால், சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைக்காலத்தில் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை இரவில் வெளிச்சத்தில் பார்க்கலாம். வங்கி அணிகள், ராணுவ அணிகள் என்று நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வருவார்கள். கேலரியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பந்து வைத்திருப்பவனைவிட பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைத்தான் கவனிப்பார்கள். யாரை எப்போது இறக்குகிறார்கள், ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி எப்போது அனுப்புகிறார்கள் என்பதுதான் அங்கே ஆட்டம்.

அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக, ஒரு பயிற்சியாளரிடம் பங்கு போட 240 நிமிடம் இருக்கிறது. பெரும்பாலான அணிகள் நட்சத்திர வீரர்களுக்கு ஆளுக்கு 35 நிமிடத்தை ஒட்டிக் கொடுத்துவிடும். 2013-14 சீசனில் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அப்படிச் செய்யவில்லை. ஒருவருக்குக்கூடச் சராசரியாக 30 நிமிடம் கொடுக்காமல், பத்துப் பேருக்கும் மேல் பங்கு போட்டு 62 ஆட்டங்களில் வென்றார்கள். இறுதிச் சுற்றில் லெப்ரான் ஜேம்ஸ் இருந்த மயாமி ஹீட் அணியை நான்குக்கு ஒன்று என்று நொறுக்கினார்கள். பெஞ்ச் பலம் என்று யார் பேசினாலும் அந்த அணியைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

அதில் என் கண்ணை உறுத்தும் விஷயம் வேறு. அந்த எட்டாவது, ஒன்பதாவது ஆள் ஜெயிக்கும் நாளிலும் களத்தில் இறங்கினார். தினம் பத்து நிமிடமாவது அவர் ஆடினார். அதனால் இறுதிச் சுற்றில் அவரை இறக்கியபோது அவருக்குக் கை நடுங்கவில்லை.

கிரிக்கெட்டில் இது தலைகீழ். வெளியே உட்கார்ந்திருப்பவர் ஃபீல்டிங் செய்யலாம், தண்ணீர் கொண்டு வரலாம். பேட் பிடிக்கவோ பந்து வீசவோ கூடாது. 2023-இல் டிஎன்பிஎல்லிலும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தபிறகு ஒரே ஒருவரை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே ஒரு கிரிக்கெட் அணியின் உண்மையான பெஞ்ச் பதினொருவருக்குள்ளேயே இருக்கிறது. ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர். கொடுமை என்னவென்றால், அணி நன்றாக ஆடும் நாளில் இவர்களுக்கு வேலையே இல்லை. முதல் நான்கு பேர் அடித்துமுடித்துவிட்டால் ஏழாம் நம்பர்காரர் பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பேடைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு வேலை வருவதே வீடு தீப்பற்றிய நாளில்தான். ஒரு மாதமாக ஆறு பந்துகூட ஆடாதவர், இறுதிப் போட்டியில், எட்டாவது ஓவரில், 50-க்கு ஐந்து விக்கெட் போன நிலையில் உள்ளே வருகிறார். அன்று அவர் ஆடவில்லை என்று திட்டுகிறோம்.

டிஎன்பிஎல்லில் இது இன்னும் மோசம். என்பிஏ அணிக்கு ஒரு சீசனில் 82 லீக் ஆட்டம். எங்களுக்கு ஏழு. மற்ற ஏழு அணிகளோடு தலைக்கு ஒரு தடவை, முடிந்தது லீக். ஏறக்குறைய ஒரு மாதத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அதில் யாரை வளர்ப்பது, யாரைப் பழக்குவது?

2024 வெற்றியைப் பார்த்தால் இது புரியும். எலிமினேட்டரில் சேப்பாக்குக்கு எதிராக அஸ்வின் அரை சதம். இரண்டாம் குவாலிஃபையரில் திருப்பூர் 108-க்கு ஆல் அவுட் ஆக, அஸ்வின் 30 பந்தில் 69 அடித்து, பதினொரு ஓவருக்குள் ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்தது. சந்தோஷம்தான். ஆனால் அன்று நடு வரிசையில் ஒருவரும் மட்டையைத் தொடவில்லை. ஆகஸ்ட் 4 அன்று சேப்பாக்கத்தில் இறுதிப் போட்டி. கோவை கிங்ஸ் 129 எடுத்தது. தொடக்க வீரர்கள் சீக்கிரம் போனபிறகு அஸ்வினும் பாபா இந்திரஜித்தும் நின்றார்கள். அஸ்வின் 52. மூன்று நாக் அவுட் ஆட்டம், மூன்று அரை சதம், மூன்றும் ஒரே ஆள்.

அந்த இறுதிப் போட்டியில் என்னைப் போன்றவர்கள் மறக்காத இன்னொரு இன்னிங்ஸ் உண்டு. சரத்குமார் கடைசியில் வந்து ஆட்டமிழக்காமல் 27 அடித்து, பத்துப் பந்து மிச்சம் இருக்கும்போதே ஆட்டத்தை முடித்தார். செய்தியில் தலைப்பு அஸ்வினுக்கு, அது நியாயமும்தான். ஆனால் தோற்ற மூன்று இறுதிப் போட்டிகளிலும் அப்படி ஒரு 27 கீழேயிருந்து வந்திருந்தால், 2019 கோப்பையாவது நத்தத்துக்கு வந்திருக்கும். பன்னிரண்டு ரன்தானே குறைவு.

இனி 2025. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பிளே ஆஃப் முழுக்க நத்தத்தில். எலிமினேட்டரில் திருச்சி கிராண்ட் சோழாஸ். தொடக்க வீரராக இறங்கிய அஸ்வின் மூன்று விக்கெட் எடுத்ததோடு 48 பந்தில் 83 ரன் குவித்தார். 38 வயது ஆஃப் ஸ்பின்னர், டெஸ்ட்டில் 500 விக்கெட்டுக்கு மேல் எடுத்து 2024 டிசம்பரில் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து விலகியவர், எங்கள் அணிக்குத் தொடக்க ஆட்டக்காரர். இதை அவருடைய பெருமையாகச் சொல்லலாம். அவர் சிறு வயதில் தொடக்க பேட்ஸ்மேனாகத்தான் ஆடத் தொடங்கினார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ரசிகனுக்கு இன்னொரு பக்கமும் தெரியும். கேப்டனே தொடக்கத்தில் ஆடி, கேப்டனே பந்து வீசி, கேப்டனே ஆட்டத்தை முடிக்க வேண்டியிருக்கிறது என்றால் மிச்சம் பத்துப் பேரைப் பற்றி என்ன அர்த்தம்?

அடுத்து இரண்டாம் குவாலிஃபையர். எதிரணி சேப்பாக்; லீகில் ஏழுக்கு ஏழும் வென்று வந்தவர்கள். 180-ஐ ஒட்டிய இலக்கு. ஆட்டம் கைநழுவிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் விமல் குமார், ரோஹித் சுதாரின் ஒரே ஓவரில் ஒரு பவுண்டரி, ஐந்து சிக்ஸர், 34 ரன் எடுத்தார். மொத்தம் 30 பந்தில் 65. அன்று இரவு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரை பேச்சு அதுதான். ஏழுக்கு ஏழு வென்ற அணி இறுதிப் போட்டிக்கே வராமல் போனது. டி20 அப்படித்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆட்டத்தையும் ஓர் ஆள், ஓர் ஓவரில் காப்பாற்றினார் என்பதைக் கவனியுங்கள். எங்கள் அணி தப்பிக்கும்போதெல்லாம் தனி ஒருவரின் தோளில் ஏறித்தான் தப்பிக்கிறது.

ஜூலை 6, இறுதிப் போட்டி. டிஎன்பிஎல் இறுதி ஆட்டம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. நடப்புச் சாம்பியன், சொந்த மைதானம், ஊர்க் கூட்டம். திருப்பூரின் அமித் சாத்விக் 34 பந்தில் 65, துஷார் ரஹேஜா 46 பந்தில் 77. இருவரும் சேர்ந்து எங்கள் பந்து வீச்சைக் கிழித்தார்கள். 220. அந்த ஸ்கோரைத் துரத்துவது யாருக்கும் கடினம், அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அஸ்வின் சீக்கிரமே வெளியேறியதும் மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பிய கூட்டமே சொல்லியது. மிச்சம் ஒன்பது விக்கெட் கையில் இருக்கும்போது ரசிகன் கிளம்புகிறான் என்றால் அந்த ஒன்பது விக்கெட்டின் மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை. அந்த இரவில் எங்கள் அணியின் அதிகபட்சத் தனிநபர் ஸ்கோர் 30-ஐத் தொடவில்லை. 118 ரன் வித்தியாசம்.

"தோத்தா தோத்துட்டுப் போறான், அதுக்கு ஏன் மாப்ள நீ இப்படி ஆயிட்ட?" என்று எங்கள் பஸ் ஸ்டாப் டீக்கடை மாமா கேட்டார். அவர் வாதம் எளிது. 2016-இலிருந்து 2025 வரை ஒன்பது சீசன் (2020-இல் கொரோனா). அதில் நான்கு இறுதிப் போட்டி ஆடியிருக்கிறோம். சேப்பாக்கைத் தவிர வேறு எந்த அணிக்கு அந்தக் கணக்கு இருக்கிறது? "பைனலே வராதவன் புலம்பணும். நீ புலம்பக் கூடாது."

நியாயமான பேச்சு. புலம்பவும் ஒரு தகுதி வேண்டும்தான். ஆனால் நான்கு முறை கதவு வரை போய் மூன்று முறை ஒரே படியில் தடுக்கி விழுந்தவனுக்கு அந்தப் படியைப் பற்றிப் பேசும் உரிமை இருக்கிறது.

சரி, இது ஏன் இப்படி ஆகிறது? முதல் காரணம் பணம்.

2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் டிஎன்பிஎல்லுக்கு முதல் முறையாக ஏலம் நடந்தது. அதற்கு முன்பு வேறு முறையில் வீரர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏலத்தில் ஓர் அணிக்கு 70 லட்சம் ரூபாய். அதற்குள் குறைந்தது 16 பேர், அதிகபட்சம் 20 பேர். சர்வதேச வீரருக்கு அடிப்படை விலையே 10 லட்சம், கீழ்த்தட்டில் 1.5 லட்சம். கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அந்த நேரத்தில் ஐபிஎல்லில் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது 20 லட்சம், அதைவிட அதிகம்! மொத்தப் பையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஒருவருக்கே கொடுத்தபிறகு, மிச்சத்தை வைத்து இன்னும் பதினைந்து பேரைத் தேற்ற வேண்டும். அந்த ஆண்டு கோவை கோப்பையை வென்றது, அதனால் அவர்களைக் கேலி செய்ய முடியாது. ஆனால் 2025 ஜூனில் சாய் சுதர்சன் இங்கிலாந்தில் டெஸ்ட் அறிமுகம் ஆனபோது, கோவை அவர் இல்லாமல்தான் ஆடியது. நட்சத்திரத்துக்குக் கொடுத்த பணம் நட்சத்திரத்தோடு விமானம் ஏறிவிடும். டிஎன்பிஎல் நடக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்திய அணி பல ஆண்டுகளில் வெளிநாட்டில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருக்கும். லார்ட்ஸும் மேற்கிந்தியத் தீவுகளும் எங்களுக்குச் செய்தது இதைத்தான்.

இரண்டாவது காரணம், கையில் இருந்தவர்கள் போய்விட்டார்கள். சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன், 2016-இல் எங்கள் சட்டை போட்டுக்கொண்டு யார்க்கர் வீசியவர். அந்த சீசனைப் பார்த்துத்தான் 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. பிறகு அவர் டிஎன்பிஎல்லில் வேறு அணிகளுக்குப் போய்விட்டார். ஜெகதீசன் சேப்பாக்குக்குப் போனார். போனபிறகு 2022 நவம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்து உலக சாதனை படைத்தார். எங்களுக்காகப் பந்து வீசிய எம்.முகமதுவை 2025 ஏலத்தில் சேலம் 18.4 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஏலத்தின் உச்ச விலை அதுதான். வந்தவர்களும் உண்டு. 2019 இறுதிப் போட்டியில் ஐந்து விக்கெட் எடுத்து எங்களைக் கவிழ்த்த அதே பெரியசாமி, 2025-இல் எங்கள் சட்டையில் ஆடினார். நத்தத்தில் அவருக்குக் கைதட்டும்போது கைக்கே ஒரு சங்கடம்.

நடராஜனின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்தவர், சென்னைக்குப் போய் நான்காம் டிவிஷன் லீகில் ஆடி, பிறகு முதல் டிவிஷனுக்கு ஏறித்தான் டிஎன்பிஎல்லுக்கு வந்தார். இன்றும் மாவட்டத்துப் பையனுக்குப் பாதை அதுதான். சென்னையில் ரூம் எடுத்து, கிளப் பிடித்து, புல் விக்கெட்டில் பழகி, அதன்பிறகே ஏலப் பட்டியலில் பெயர். அப்படி வந்தவர் ஓர் அணியில் இரண்டு சீசன் உட்கார்ந்தே கழித்து, மூன்றாவது ஏலத்தில் வேறு அணிக்குப் போய்விடுகிறார். அவரை வளர்த்த பலன் யாருக்கு?

அஸ்வின் 1986 செப்டம்பரில் பிறந்தவர். 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்தும் ஓய்வு அறிவித்துவிட்டார். நாளையோ மறுநாளோ அவர் இடம் காலியாகும் என்பதற்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி இந்திய அணிக்கு எப்போது வேண்டுமானாலும் அழைக்கப்படுவார். இவர்கள் இருவரும் இல்லாத ஒரு டிராகன்ஸ் பட்டியலைத் தாளில் எழுதிப் பாருங்கள். முதல் நான்கு பெயர் வேகமாக வந்துவிடும். அதற்குப் பிறகு பேனா தயங்கும்.

என்ன செய்யலாம்? 2023-இல் இருந்த 70 லட்சத்தையே என் கையில் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். பெரிய பெயர் இரண்டுக்கு 25 லட்சத்துக்கு மேல் தாண்ட மாட்டேன். மிச்சம் 45 லட்சம், குறைந்தது 14 பேர். ஆளுக்குச் சராசரி மூன்று லட்சத்துச் சொச்சம். இந்த விலையில் கிடைக்கும் ஆட்கள்தான் ஐந்திலிருந்து எட்டு வரை நிற்கப் போகிறவர்கள். வெறும் சிக்ஸர் அடிப்பவரைத் தேட மாட்டேன். 60-க்கு ஐந்து என்று இருக்கும்போது ஆறு ஓவர் நின்று, ஒன்று இரண்டாக 35 ரன் சேர்த்துக் கொடுக்கக்கூடியவரைத் தேடுவேன். நத்தம் மண்ணில் இரண்டு ஓவர் சுழற்பந்தும் போடத் தெரிந்தால் இன்னும் நல்லது. சென்னை லீகில் 50 ஓவர் ஆட்டம் ஆடிப் பழகியவர்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஏல மேடையில் அவர்கள் பெயர் வரும்போது எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

எடுத்தால் மட்டும் போதாது, ஆடவிட வேண்டும். லீகில் எதிரணி 110-க்குள் சுருண்ட ஒரு நாள் வரும். அன்று அஸ்வினோ இந்திரஜித்தோ இறங்க வேண்டாம். ஏழாம் நம்பர்காரரை மூன்றாம் நம்பரில் அனுப்புங்கள். கேலரி விசில் அடிக்கும், கூச்சல் போடும், பெரிய பெயரைக் கேட்டு மேளம் தட்டும். தட்டட்டும். அன்று அவர் ஆடும் முப்பது பந்துதான் ஜூலையில் உதவும்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்பிடி அனுப்பி அந்த மேட்ச் தோத்துட்டா?"

"லீக்ல ஒண்ணு ரெண்டு தோத்தாலும் பரவால்ல மாமா. 2024, 2025 ரெண்டு வருசமும் எலிமினேட்டர்ல ஆரம்பிச்சுத்தானே பைனல் வந்தோம்."

"அது சரி. மூணாம் நம்பர்ல எறக்குற ஆளு யாரு, பேரச் சொல்லு பாப்போம்."

இரண்டு பெயர் சொன்னேன். ஒருவர் போன ஏலத்திலேயே வேறு அணிக்குப் போய்விட்டார் என்றார் மாமா.